பிறழ்சாட்சி

மூன்றாவது நாளும் மடிக்கணினி அதே பதிலைத்தான் சொன்னது. கறுப்புத் திரையின் மேல்மூலையில் ஒரே ஒரு வெள்ளை வரி. பென்டிரைவிலிருந்து தொடங்கச் சொன்னால், தொடங்குவதற்கு எந்தச் சாதனமும் இல்லையாம். பென்டிரைவ் இடப்பக்கத்தில் செருகியபடியே இருந்தது. தவமணி அதைப் பிடுங்கினாள், திருப்பிச் செருகினாள், மறுபடி பிடுங்கினாள். பிறகு இரண்டையும் துணிப்பையில் போட்டுக்கொண்டு ராமநாதபுரம் டவுன் பஸ்ஸில் ஏறினாள்.

அவளுக்கு நாற்பத்தேழு வயது. சட்டப் புத்தகங்கள் அச்சிடும் அச்சகம் ஒன்றில் இருபத்திரண்டு வருடமாக மெய்ப்பு பார்க்கிறாள். கணினியில் அவளுக்குத் தெரிந்தது எழுத்துருவும் பக்க எண்ணும்தான். ஆனால் அந்தக் கணினியில் இருக்கும் சிஸ்டத்தை அடியோடு துடைத்துவிட்டு லினக்ஸ் போடுவதென்று முடிவு செய்திருந்தாள். தம்பி நாச்சிமுத்துவின் மரண வழக்கில் தீர்ப்பு வந்து அன்றோடு எண்பத்திரண்டு நாள். தொண்ணூறாவது நாளோடு மேல்முறையீட்டுக் கெடு முடிகிறது.

மெஹருன்னிசாவின் கடை ஒரு பேக்கரிக்கு மேலே, குறுகலான மாடிப்படி முடிகிற இடத்தில் இருந்தது. கோயம்புத்தூரில் பாதி லேப்டாப்புகளின் குடலைப் பார்த்தவள் என்று அவளைச் சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை என்பதால் கடையில் வேறு யாரும் இல்லை.

"என்னக்கா பண்ணீங்க இத?" என்றாள் மெஹர், பென்டிரைவைத் தன் கணினியில் செருகிப் பார்த்துவிட்டு.

"வீடியோ பாத்துப் பண்ணேன். ஃபைல எறக்கி இதுல போட்டேன்."

"போட்டேன்னா?"

"காப்பி பண்ணி பேஸ்ட் பண்ணேன்."

மெஹர் நாற்காலியைச் சுழற்றிக்கொண்டு சிரித்தாள். "அரிசிய சாக்கோட பானையில போட்டுட்டு சோறு வேகலைங்கறீங்க. சாக்கப் பிரிக்கணும்க்கா. பென்டிரைவ்ல அத எழுதறதுக்குன்னே தனி சாஃப்ட்வேர் இருக்குது. இருங்க, அஞ்சு நிமிஷம்."

எழுதுகிற கோடு பச்சையாக நீண்டுகொண்டிருந்தபோது மெஹர் மடிக்கணினியைத் திருப்பினாள். அடியில் ஒட்டியிருந்த வெள்ளி நிறச் சீட்டைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது.

"அக்கா, இது சாட்சிக் கம்ப்யூட்டரு."

"ஆமா."

"இதத் தொட்டா என் கடையப் பூட்டிருவாங்க."

"நீ தொட வேண்டாம். எங்க அமுக்கணும்னு சொல்லு. நான் அமுக்கறேன்."

மெஹர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். "மொதல்ல கதையச் சொல்லுங்க."

இயந்திரச் சாட்சிச் சட்டம் வந்து அப்போது ஆறு வருடம். தொழிற்சாலையில் இருக்கிற ஒவ்வொரு கணினிக்குள்ளும் ஒரு சில்லு. நடந்ததையெல்லாம் அது பார்த்துக்கொண்டிருக்கும். விபத்து என்றால் அந்தச் சில்லு ஒரே பக்கத்தில் அறிக்கை தரும். தீர்ப்பாயம் அதைப் படிக்கும், முத்திரை குத்தும், முடிந்தது. மனிதர்கள் வருடக்கணக்கில் கூண்டில் ஏறி மாற்றி மாற்றிச் சொல்வது ஒழிந்தது என்று எல்லோருமே அதை வரவேற்றார்கள். தவமணியும் வரவேற்றாள். அந்தச் சட்டத்தின் தமிழ்க் கையேட்டுக்கு மெய்ப்பு பார்த்ததே அவள்தான்.

நாச்சிமுத்து பல்லடம் பக்கம் ஒரு நூற்பாலையில் ஃபிட்டர். பஞ்சுப் பேல்களைப் பிரித்துக் கொடுக்கிற பெரிய இயந்திரம் அவன் பொறுப்பு. அதற்குள் முள் உருளைகள் உண்டு. உள்ளே நுழைந்து சுத்தம் செய்வதற்கு முன்னால், பக்கத்துத் தூணில் பொருத்தியிருக்கும் மடிக்கணினியில் ஒரு சாவியைச் செருக வேண்டும். பென்டிரைவ் மாதிரியே இருக்கும், சிவப்பு நிறம். அது செருகியிருக்கும்வரை இயந்திரம் ஓடாது. விஜயதசமி அன்று காலை, விடுமுறை முடிந்து மில் தொடங்குகிற நேரத்தில் அவன் உள்ளே போனான். எட்டு மணிக்குக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து எல்லா இயந்திரங்களுக்கும் ஒரே சமயத்தில் உத்தரவு வந்தது. எல்லாம் ஓடின. அதுவும் ஓடியது.

"சாவி போடலையா?" என்றாள் மெஹர் மெதுவாக.

"போட்டான். கூட வேலை செய்யற ரெண்டு பேர் பாத்திருக்காங்க. ஆனா மெஷின் என்ன சொல்லுச்சு தெரியுமா? 'சாவி செருகப்படவில்லை. இயக்குபவரின் கவனக்குறைவு.' ரெண்டே வரி. அந்த ரெண்டு பேர்த்தையும் கேட்டாங்க, சாவி போட்டா ஒரு பீப் வருமே, காதுல விழுந்துதான்னு. பக்கத்து ஷெட்டு ஓடற சத்தத்துல பீப் யாருக்குக் கேக்கும்? கேக்கலைன்னாங்க. அவ்வளவுதான்."

மில்லின் தரப்பில் பேசியது பாதுகாப்பு அதிகாரி அருணகிரி. சிவப்புச் சாவி அதை மாட்டுகிற பலகையிலேயே தொங்கிக்கொண்டிருந்தது என்று ஒரு வார்த்தை எழுதிக் கொடுத்தார். அதையும் யாரும் குறுக்கே கேட்கவில்லை. இயந்திரம் சொன்னதோடு ஒத்துப் போகிறபோது மனிதனை எதற்குக் கேட்க வேண்டும்?

கருமாதிக்கு அருணகிரி வந்திருந்தார். சாத்துக்குடி வாங்கி வந்தார். பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார். ரசம் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிக்கொண்டார். போகும்போது தவமணியிடம், "நல்ல ஆளுதானுங்க அம்மிணி உங்க தம்பி. அன்னைக்கு ஏதோ நெனப்புல இருந்திருப்பாப்ல" என்றார். அவர் சாப்பிட்ட இலையை அவளே எடுத்தாள். எடுத்து மடித்துத் தொட்டியில் போடும்போது அவள் மனதில் ஒன்று தீர்மானமாகிவிட்டது. இந்த ஆளைக் கூண்டில் ஏற்ற வேண்டும். எல்லோர் முன்னாலும் நின்று, கேட்கிற ஒவ்வொரு கேள்விக்கும் பதில் சொல்லி, வியர்த்து, நாக்கு குழற வேண்டும். ஏதோ நெனப்பு என்ற வார்த்தையை அவர் திரும்ப விழுங்குவதை அவள் பார்க்க வேண்டும்.

"அதுக்கும் லினக்ஸுக்கும் என்னக்கா சம்பந்தம்?"

"கையேட்டுல நாப்பத்தோராம் பக்கத்துல ஒரு பிரிவு இருக்குது. சாட்சிச் சில்லு தான் பொறந்த சிஸ்டத்த இழந்துட்டா அது பிறழ்சாட்சி. அது முன்னாடி சொன்னதும் செல்லாது. வழக்க மனுசங்கள வச்சு மொதல்ல இருந்து விசாரிக்கணும். திருட்டு, தீ விபத்துன்னு கம்ப்யூட்டர் கெட்டுப்போனா என்ன பண்றதுன்னு போட்ட பிரிவு. யாரும் வேணும்னே பண்ண மாட்டாங்கன்னு நெனச்சுட்டாங்க."

"வேணும்னே பண்ணா?"

"ரெண்டு வருசம் வரைக்கும் உள்ள."

"இதச் சாதாரணமாச் சொல்றீங்க."

"வீட்டுல எனக்காக யாரு காத்துட்டிருக்கா?"

வழக்கு முடிந்ததும் சாட்சிக் கணினியை இறந்தவரின் வீட்டாரிடமே ஒப்படைத்துவிடுவது நடைமுறை. கெடு முடியும்வரை பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். இரண்டரை மாதம் அது அலமாரியில், நாச்சிமுத்துவின் சட்டைகளுக்குப் பக்கத்தில் இருந்தது. தினமும் அச்சகத்திலிருந்து வந்ததும் அலமாரியைத் திறந்து பார்ப்பாள். அது அவளைத் திருப்பிப் பார்ப்பது போல இருக்கும்.

மெஹர் எழுதி முடிந்த பென்டிரைவை எடுத்து மேசையில், தவமணியின் பக்கம் தள்ளினாள்.

"செருகுங்க. பவர் போட்டதும் எஃப் பன்னெண்ட தட்டிக்கிட்டே இருங்க. நான் இங்கதான் உக்காந்திருக்கேன், எதையும் தொடல. நாலு பேர் கேட்டா, நீங்க டீ குடிக்க வந்தீங்க."

"டீ எங்க?"

"தொழில்ல எறங்கறதுக்கு முன்னாடியே கூலி கேக்கறீங்க பாருங்க."

பட்டியல் வந்தது. அதில் பென்டிரைவின் பெயர் இல்லை. மெஹர் சொல்லச் சொல்ல தவமணி அமைப்புக்குள் போய் வெளியிலிருந்து வரும் சிஸ்டத்தைத் தடுக்கிற 'செக்யூர் பூட்' வசதியை அணைத்தாள். யூஎஸ்பியிலிருந்து தொடங்க அனுமதி என்ற இடத்தில் டிக் போட்டாள். மறுபடி எஃப் பன்னெண்டு. மறுபடி இல்லை. மெஹர் வேறொரு பென்டிரைவில் எழுதிக் கொடுத்தாள். அதுவும் இல்லை.

"வேற சந்துல போட்டுப் பாருங்க."

"வேற எங்க இருக்குது? பாரு."

வலப்பக்கத்து இரண்டு துளைகளிலும் மில்காரர்கள் எம்-சீல் வைத்து அடைத்திருந்தார்கள். யாரும் பாட்டுக் கேட்கவோ போன் சார்ஜ் போடவோ கூடாதென்று. இடப்பக்கம் ஒன்றுதான் திறந்திருந்தது.

"அப்ப அதுலதான் ஏதோ கோளாறு." மெஹர் டார்ச்சை நீட்டிப் பிடித்தாள். பிடித்தவள் சிரித்தாள். "அட, நம்ம சீசன் சரக்கு. ஊக்கு இருக்குதா? நோண்டுங்க."

தவமணி சேலையிலிருந்து ஊக்கைக் கழற்றிக் கொடுக்கப் போனாள். மெஹர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தலையை ஆட்டினாள். தவமணியே நோண்டினாள். காய்ந்து கெட்டியான ஏதோ ஒன்று, மஞ்சளாக, பொடிப்பொடியாக மேசையில் உதிர்ந்தது. இடையிடையே சிவப்புத் துணுக்குகள்.

"வருசா வருசம் ஆயுத பூஜை முடிஞ்சு ஒரு வாரம் எனக்கு இதேதான் வேலைக்கா," என்றாள் மெஹர். "கீபோர்டுல சந்தனம், ஃபேனுல பொரி, ஒரு ஆளு வெப்கேமராவுக்குக் குங்குமம் வச்சுட்டு வந்து எல்லாம் செவப்பாத் தெரியுதுங்கறாரு. எதுத்த கடை அண்ணாச்சி எனக்கும் சேத்து வச்சுட்டுப் போவாரு, வேண்டாம்னா கேக்க மாட்டாரு. பின்னுக்கு நடுவுல இந்தச் சந்தனம் போச்சுன்னா அவ்வளவுதான். செருகினா இறுக்கமா உக்காரும், பாக்கறதுக்கு ஒழுங்கா இருக்கும். ஆனா உள்ள கரண்டு போகாது. கம்ப்யூட்டருக்கு அங்க ஒண்ணுமே இல்லாத மாதிரிதான்..."

சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்திவிட்டாள்.

தவமணி ஊக்கைக் கீழே வைத்தாள். விரல் நுனியில் ஒட்டியிருந்த பொடியை முகர்ந்தாள். அத்தனை நாள் கழித்தும் வாசனை இருந்தது.

ஆயுத பூஜைக்கு மில்லில் குடும்பத்தோடு வரச் சொல்வார்கள். அவரவர் இயந்திரத்துக்கு அவரவர் வீட்டார் பொட்டு வைக்கலாம். நாச்சிமுத்துவுக்கு வீட்டார் என்று இருந்தது அவள் ஒருத்திதான். முள் உருளைகளைப் பார்த்து அவள் பயந்து நின்றபோது அவன் சிரித்துக்கொண்டே அவளைத் தூணுக்குப் பக்கத்தில் கூட்டி வந்தான். "மெஷினுக்கு அப்பறம் வைக்கலாம்க்கா. மொதல்ல இங்க வை. சாவி போடற எடம். என் உசுரு இந்தச் சந்துக்குள்ளதான் இருக்குது." வீட்டில் பீரோவின் சாவித் துவாரத்துக்கு வைப்பதுபோல அவள் இரண்டு விரலால் சந்தனத்தை எடுத்து வைத்தாள். கிண்ணத்தை நீட்டிக்கொண்டு நின்றவர் அருணகிரி. "நல்லா அமுக்கி வைங்க அம்மிணி, ஏசிக் காத்துல உதுந்துரும்" என்றார். அவள் நன்றாக அமுக்கி வைத்தாள். மேலே குங்குமம் வைத்தாள். கண்ணை மூடி, இந்த வருசமும் இவனை முழுசாகத் திருப்பிக் கொடு என்று கேட்டுக்கொண்டாள்.

"அக்கா," என்றாள் மெஹர்.

"இந்தச் சந்தனத்த வச்சது நான்தான் மெஹரு."

தவமணி எழுந்து மாடிப்படி வரைக்கும் போனாள். கீழே பேக்கரியில் யாரோ தேங்காய் பன் சூடாக இருக்கிறதா என்று கேட்டார்கள். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுகை வரவில்லை. எண்பத்திரண்டு நாளாக அவள் ஒரே ஒரு ஆளைத்தான் நினைத்து நினைத்துப் பல்லைக் கடித்திருக்கிறாள். அந்த இடத்தில் இப்போது தன் முகத்தை வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. பார்த்தாள்.

மெஹர் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தாள்.

"நான் ஒண்ணும் பாக்கலைக்கா. மேசையக் கூட்டித் தள்ளிட்டேன். வீட்டுக்குப் போங்க. எட்டு நாள் போனா கெடு முடிஞ்சுரும். அப்பறம் யாரும் எதையும் கேக்க மாட்டாங்க."

"கூட்டித் தள்ளிட்டயா?"

"ஆமா."

"அதுதான் மெஹரு என் தம்பி சாவி போட்டதுக்கு இருந்த ஒரே அத்தாட்சி. ஈரமா இருந்தப்பவே சாவி உள்ள போனதுனாலதான் சந்தனம் பின்னு வரைக்கும் நசுங்கியிருக்குது. நான் வச்சப்ப வெளியதான் இருந்துச்சு. அத என் கையாலயே நோண்டி எடுத்துட்டேன். வச்சதும் நான், அழிச்சதும் நான்."

மெஹர் காலிச் சொம்பை வாங்கிக்கொண்டாள். "இப்ப செருகினா ஓடும்" என்று மட்டும் சொன்னாள்.

ஓடியது. பட்டியலில் பென்டிரைவின் பெயர் வந்தது. தவமணி அதைத் தேர்ந்தெடுத்தாள். திரை கறுப்பாகவே நின்றபோது, தொடங்கும் வரியின் கடைசியில் ஒரு சொல்லைச் சேர்க்கச் சொல்லி மெஹர் எழுத்துக்கூட்டிச் சொன்னாள். சேர்த்ததும் நீலப் பின்னணியில் லினக்ஸின் முகப்புத் திரை விரிந்தது. ஹார்ட் டிஸ்க் வட்டில் இன்னும் ஒன்றும் எழுதவில்லை, சும்மா எட்டிப் பார்க்கிறோம், சில்லு இதைக் கணக்கில் எடுக்காது என்றாள் மெஹர். ஆனால் நிறுவுகிற இடத்துக்குப் போனால் வட்டே இல்லை என்றது.

"வட்டு எங்க போச்சு?"

"எங்கயும் போகல. அது வேற பாஷையில பேசிட்டிருக்குது. ஆஃப் பண்ணுங்க. அமைப்புல ஸ்டோரேஜ்னு இருக்கும். ரெய்டுன்னு இருக்கறத ஏஹெச்சிஐன்னு மாத்துங்க."

மாற்றினாள். வட்டு வந்தது. சாட்சிப் பதிவு இருக்கிற பகுதி பூட்டியிருந்தது. அதற்குப் பக்கத்தில், இயந்திரத்தை நடத்துகிற அமைப்புக் கோப்புகள் பூட்டில்லாமல் வெறும் எழுத்தாகக் கிடந்தன. இருபத்திரண்டு வருடம் வரி வரியாகப் படித்துப் பழகிய கண், தவமணிக்கு. கீழே இறங்கிக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் விரலை வைத்தாள்.

"இது என்ன மெஹரு? 'சாவி இருந்தால் ஓடு'ங்கறத அடிச்சுட்டு 'சாவி இருந்தால் நில்'லுன்னு மாத்தியிருக்குது. ஜூன் பதினொண்ணாந்தேதி. பக்கத்துல அருணகிரின்னு பேரு."

மெஹர் குனிந்து படித்தாள். இரண்டாம் முறை படித்தாள்.

"அக்கா, முன்னாடி எப்படி இருந்துச்சு? உங்க தம்பி சாவியச் செருகிட்டு உள்ள போவாரா, எடுத்துட்டுப் போவாரா?"

"முன்னாடி எடுத்துட்டுப் போவான். பாக்கெட்டுல போட்டுக்குவான். ரெண்டு தடவ மறந்து வீட்டுக்கே கொண்டு வந்துட்டான். ஷிப்டு நின்னு போச்சுன்னு மில் ஜீப்பு வந்து வாங்கிட்டுப் போச்சு. அப்பறம்தான் புது முறைன்னு சொன்னான்."

"அதான் சரியான முறை. சாவி இருந்தாத்தான் ஓடும். சாவிய எடுத்தாலும் நிக்கும், சாவி கெட்டாலும் நிக்கும், சந்துல சந்தனம் போனாலும் நிக்கும். நீங்க வச்ச சந்தனத்துக்கு அன்னைக்கு மெஷின் ஓடாம நின்னிருக்கும். நாலு பேர் திட்டிட்டு எனக்குப் போன் பண்ணியிருப்பாங்க. இந்த ஆளு அதத் தலகீழாத் திருப்பியிருக்காரு. இப்ப சாவி தெரியலைன்னா உள்ள யாரும் இல்லைன்னு அர்த்தம் பண்ணிக்குது."

தவமணி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே அணைந்துபோனது மறுபடி பற்றிக்கொண்டது. ஆனால் இந்தத் தடவை அது இரண்டு பக்கமும் எரிந்தது.

"இந்தப் பக்கத்தக் கொண்டு போய்த் தீர்ப்பாயத்துல கொடுத்தா?"

"செல்லாது. சில்லு செஞ்ச கம்பெனிக்காரன் படிச்சுக் கொடுத்தாத்தான் செல்லும். அவன் அந்த ரெண்டு வரியத்தான் படிப்பான். சிஸ்டத்த அழிச்சீங்கன்னா இந்தப் பக்கமும் சேந்து அழிஞ்சுரும். அப்பறம் அவரு வாயால ஒத்துக்கிட்டாத்தான் உண்டு." மெஹர் கொஞ்சம் தயங்கினாள். "மனுசங்கள விசாரிக்க ஆரம்பிச்சா ஒண்ணு கேப்பாங்கக்கா. சாவி போட்டிருந்தா மெஷினுக்கு ஏன் தெரியலைன்னு கேப்பாங்க. யாருக்கும் பதில் தெரியாது. நீங்க சொல்லாத வரைக்கும்."

"சொல்லாம அந்த ஆள மட்டும் மாட்ட வைக்கலாங்கற."

"நான் ஒண்ணுஞ் சொல்லல. டீ சொல்லட்டுமா?"

திரையில் நிறுவுகிற கட்டம் காத்துக்கொண்டிருந்தது. வட்டு முழுவதையும் அழித்துவிட்டு நிறுவவா? கீழே இரண்டு பொத்தான். அவள் தன்னைக் கேட்டுக்கொண்டாள். பழியென்று இறங்கிவிட்ட பிறகு, வேண்டிய ஆள் வேண்டாத ஆள் என்று பார்த்து விட்டுவிட முடியுமா? அருணகிரி ஜீப் அனுப்பி அலுத்துப்போய் ஒரு வரியைத் திருப்பினார். அவள் அன்பு மிகுந்துபோய் இரண்டு விரலை அமுக்கினாள். தம்பி இரண்டுக்கும் நடுவில் போனான். அவன் மட்டும்தான் அன்று செய்ய வேண்டியதைச் செய்தவன். அவன் பெயர் மட்டும்தான் இன்று கவனக்குறைவு என்று எழுதிக் கிடக்கிறது.

அவள் அழுத்தினாள்.

பதினெட்டு நிமிடம் ஆனது. நடுவில் டீ வந்தது, ஆறியது. நிறுவி முடித்தாயிற்று, பென்டிரைவை எடுத்துவிட்டு மறுபடி தொடங்கவும் என்று திரை சொன்னது. அவள் எடுத்தாள், தொடங்கினாள். கணினி எந்தத் தகராறும் இல்லாமல், புதிதாகக் கடையில் வாங்கியது போல எழுந்து வந்து, நாடு எது, நேரம் என்ன என்று மரியாதையாகக் கேட்டது. உள்ளே எங்கோ சாட்சிச் சில்லு தன் தனி சிம்மிலிருந்து கடைசிச் செய்தியை அனுப்பியிருக்க வேண்டும். ஏனென்றால் பத்து நிமிடத்துக்குள் தவமணியின் போன் அடித்தது.

"அருணகிரி," என்றாள் மெஹரிடம். போனை மேசையில் வைத்து ஸ்பீக்கரைப் போட்டாள்.

"அம்மிணி, என்ன காரியமுங்க இது?" குரலில் கோபத்தை விடப் பதற்றம் அதிகம். "கம்பெனியில இருந்து இப்பத்தான் மெசேஜ் வந்துச்சு. சாட்சி பிறழ்ந்துருச்சுன்னு. யாரோ உங்கள ஏமாத்தி ஏதோ பண்ணிட்டாங்களா?"

"யாரும் ஏமாத்தலீங்க. நான்தான் பண்ணேன்."

"உங்களுக்கு ஜெயிலுங்க அதுக்கு."

"தெரியுங்க. நீங்க கூண்டுல ஏறணும். சாவி எங்க இருந்துச்சுன்னு சொல்லணும். ஜூன் பதினொண்ணாந்தேதி என்ன மாத்துனீங்கன்னு சொல்லணும்."

அந்தப் பக்கம் ஒரு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு குரல் மாறியது. கருமாதிப் பந்தியில் கேட்ட அதே தணிந்த குரல்.

"அம்மிணி, நான் சொல்றதக் கேளுங்க. இதத் திரும்பத் தோண்டுனா எனக்கு மட்டும் இல்லைங்க. உங்களுக்குத்தான் கஷ்டம். அன்னைக்கு அந்தச் சந்துல நீங்க வச்ச சந்தனத்த நானும் பாத்தேனுங்க. ஒரு அக்கா கையால இப்பிடி ஆயிருச்சுன்னு ஊரு பேசக் கூடாது, உங்க மனசு தாங்காதுன்னுதான் நான் வாயே தொறக்கல. சாவி முனையில அப்பியிருந்ததத் தொடச்சதே நானுங்க. உங்களுக்காகத்தான்."

தவமணி போனுக்குப் பக்கத்தில் குனிந்தாள். மெய்ப்பில் ஒரு பிழையைக் கண்டுபிடித்துவிட்டால் அவள் எப்போதும் அப்படித்தான் குனிவாள். அவசரப்பட மாட்டாள்.

"எந்தச் சாவி முனையிலீங்க?"

அந்தப் பக்கம் ஒரு நாற்காலி நகர்ந்தது.

"பலகையில தொங்கிட்டிருந்துச்சுன்னு எழுதிக் குடுத்தீங்களே. பலகையில தொங்கற சாவியில சந்தனம் எப்பிடீங்க வந்துச்சு?"

பின்னால் எங்கோ ஒரு குக்கர் விசில் அடித்தது. ஞாயிற்றுக்கிழமைச் சமையல்.

"அவன் உள்ள கெடக்கறப்ப நீங்க சாவியப் புடுங்கித் தொடச்சு மாட்டியிருக்கீங்க."

இணைப்பு அறுந்தது. போன் திரை மங்கி அணைந்தது.

"ரெக்கார்டு பண்ணலையேக்கா," என்றாள் மெஹர் கடைசியில், ஏறக்குறைய அழுகிற குரலில். "தோணவே இல்ல. பட்டனத் தட்டியிருந்தா..."

"எதுக்கு?" தவமணி துணிப்பையிலிருந்து மேல்முறையீட்டுப் படிவத்தை எடுத்து மடிப்பைத் தேய்த்துச் சரிசெய்தாள். "மெஷின் சொன்னாத்தான் செல்லும்கற காலம் இந்த வழக்குக்கு முடிஞ்சு போச்சு. நீ கேட்டயல்ல?"

"கேட்டேன்."

"கூண்டுல ஏறிச் சொல்லுவயா? கடையப் பூட்டுனாலும் பூட்டுவாங்க."

மெஹர் டீ கிளாஸைச் சுற்றிச் சுற்றி வைத்தாள். மேசையைப் பார்த்தாள், கூட்டித் தள்ளிய இடத்தைப் பார்த்தாள். "நான் கூட்டித் தள்ளுனதையும் சேத்துச் சொல்லணுமா?"

"சொல்லணும்."

"சரி, எழுதுங்க. மெஹருன்னிசா. ரெண்டு 'ன' வரும், மறந்துராதீங்க. மெய்ப்பு பாக்கறவங்க வேற."

ஆறு வருடமாக, படிவத்தில் சாட்சிகள் என்றிருந்த அந்தக் கட்டத்தில் எல்லோரும் இயந்திர எண்களைத்தான் எழுதி வந்தார்கள். எழுத்துப் பெட்டிகள் எண்ணுக்கு ஏற்ற மாதிரி குறுகலாக இருந்தன. பெயர் எழுதினால் வெளியே வழிந்தது. தவமணி வழியவிட்டே எழுதினாள். மெஹருன்னிசாவின் பெயர் இரண்டாவது வரியில் வந்தது. எதிர்த்தரப்பில் விசாரிக்கப்பட வேண்டியவர் என்ற இடத்தில் அருணகிரி.

முதல் வரியில் அவள் பெயர். எதைப் பற்றிய சாட்சியம் என்று பக்கத்தில் கேட்டிருந்தது. அதில் அவள் ஒரு வரியில் எழுதினாள்: இறந்தவர் சாவியைச் செருகினார், அது வேலை செய்யாதபடி செய்தவள் நான்.

எழுதியதை ஒருமுறை படித்துப் பார்த்தாள். திருத்த எதுவும் இல்லை.